புதுத் தலைக்கட்டு

அத்தியாயம் 12

மூன்று கூட்டங்களில் வேண்டாம் என்று சொன்ன ஊர், நாலாவது கூட்டத்தில் சரி என்று சொன்னதற்கு ஒரே காரணம் மணவாளன்.

"எம் பொண்ணு செய்யறா. அதுல தப்பு வந்தா நான் பொறுப்பு" என்று அன்று ஊர் முன்னால் எழுந்து நின்று சொன்னார். கூட்டத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அந்த வாக்கியத்தைச் சந்திரகலா இத்தனை மாதமாகத் தலைமேல் தண்ணீர்க் குடம் மாதிரிச் சுமந்துகொண்டு நடந்தாள். தளும்பாமல் இறக்கி வைத்துவிட்டோம் என்று அவள் நினைத்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அது நடந்தது.

பழவேற்காடு ஏரியை ஒட்டிய பாசிமேட்டுக் குப்பத்தில், யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டுவது என்பதற்குப் பாடு என்று பெயர். வருடத்துக்கு ஒரு தடவை சீட்டுக் குலுக்கிப் பாடு பிரிப்பார்கள். சீட்டில் பெயர் ஏற வேண்டுமானால் அவன் தலைக்கட்டாக இருக்க வேண்டும். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். அதுவும் ஊர் சாட்சியாகத் தாலி கட்டி, ஊருக்கு வெற்றிலை பாக்கு வைத்த ஆண். மற்றவன் எவ்வளவு கைகாரனாக இருந்தாலும் அப்பன் வலையில்தான் நிற்க வேண்டும்.

இதெல்லாம் இதுவரை தலைவர் எத்திராசுவின் வாயிலும், சங்கச் செயலாளரான மணவாளனின் ஞாபகத்திலும்தான் இருந்தது. இரண்டும் ஒத்துப்போகாத வருடங்களில் ஏரி நடுவே படகோடு படகு மோதியிருக்கிறது. போன வருடம் ஒருவன் மண்டையில் தையல் போட வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் சந்திரகலாவுக்கு இந்த யோசனை. 'நம்ம பாடு' என்று ஒரு செல்போன் செயலி. இன்றைக்கு யார் பாடு, காற்று எப்படி, கூட்டம் எப்போது, புதிதாகத் தலைக்கட்டு ஆனவர் யார், எல்லாம் எல்லார் போனிலும் ஒரே மாதிரி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனியின் டெஸ்பாட்ச் ஆபீசில் அவளுக்கு வேலை. பொன்னேரியில் படித்த கம்ப்யூட்டர் படிப்பு அங்கே லாரி நம்பர் அடிக்கத்தான் பயன்பட்டது. செயலியை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தாள். பக்கத்து நாற்காலி மெர்சி. கவரைப்பேட்டைப் பெண். எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் படகு, வலை, நிலா என்று பொத்தானுக்கெல்லாம் படம் வரைந்து கொடுத்தது அவள்தான்.

"படம் மட்டும் பத்தாதுக்கா. பேசணும். எங்கம்மாவுக்கு மெசேஜ் வந்தா போனத் தூக்கிக்கினு தெரு முழுக்க ஓடும், படிச்சுச் சொல்லுன்னு" என்றதும் மெர்சிதான். அப்படித்தான், அறிவிப்பு வந்ததும் தானாகவே சத்தமாகப் படிக்கிற ஒரு பெண்குரல் செயலிக்குள் வந்தது.

ஸ்டோரில் ஏற்றுவதற்கு முன்னால் சில பேர் இரண்டு வாரம் பயன்படுத்திக் காட்ட வேண்டும் என்றது கூகுள். ஊர்ப் பையன்கள், சித்தப்பா மகள்கள், மெர்சி என்று ஆள் பிடித்து அதையும் தாண்டினாள். திங்கட்கிழமை வருடச் சீட்டு. அதற்கு முந்தின நாளே ஊரின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது மணவாளனின் பிடிவாதம்.

சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. ஆண்கள் உள்ளே ஜமுக்காளத்தில். பெண்கள் வழக்கம்போலக் கம்பி ஜன்னலுக்கு வெளியே. உள்ளே நின்ற ஒரே பெண் சந்திரகலா. அதற்கே சில முகங்கள் சுளித்திருந்தன. அம்மா செங்கம்மாள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு ஜன்னலில் தொங்க முடியாது என்று விடியற்காலையிலேயே அன்னக்கூடையோடு கவரைப்பேட்டைக்கு பஸ் ஏறிவிட்டாள்.

"இன்னா எத்திராசு, இனிமே உனுக்கு வேல இல்லியாமே. போனே பேசுமாமே" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"பேசட்டும் மச்சான். நாளைக்கு உன் பொண்டாட்டி கோச்சுக்கினு போனா அதையே பஞ்சாயத்துக்குக் கூப்டு" என்றார் தலைவர்.

மைக் கட்டிக்கொண்டிருந்த தம்பி ஆகாஷ் அவள் பக்கம் குனிந்தான். "சீக்கிரம் ஆரம்பிக்கா. நாஷ்டா துன்னாம வந்தவன்லாம் உன்னத்தான் பாத்துக்கினு இருக்கான்."

மணவாளன் கல்யாணத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையில் இருந்தார். காலரில் மடிப்பு கலையவில்லை. கூட்டத்தைப் பார்க்காமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, இந்தப் பச்சப் பொத்தான அழுத்துங்க" என்றாள் சந்திரகலா.

தலைவர் அழுத்தினார். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு கூடம் முழுக்கச் சங்கு ஊதியது. எல்லாப் போன்களும் ஒரே பெண்ணாகிப் பேசின. "வணக்கம். இது நம்ம பாடு."

கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்தான். மணவாளன் சிரித்ததைச் சந்திரகலா பார்த்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் இரண்டாவது தடவை சங்கு ஊதியது.

"புதுத் தலைக்கட்டு. ஆகாஷ். தகப்பன் பெயர், மணவாளன். மனைவி பெயர், மெர்சி."

இந்த முறை போன்கள் ஒன்றாகப் பேசவில்லை. முன்வரிசை முடிக்கும்போது நடுவரிசை ஆரம்பித்தது. நடுவரிசையின் மேல் பின்வரிசை ஏறிக்கொண்டது. ஆகாஷ், மணவாளன், மெர்சி, ஆகாஷ் என்று பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. எல்லாம் அடங்கிய பிறகு, சிக்னல் பிந்திக் கிடைத்த ஒரு போன் மட்டும் ஜன்னலுக்கு வெளியே, பெண்கள் பக்கத்திலிருந்து, நிதானமாகச் சொல்லி முடித்தது. "மனைவி பெயர், மெர்சி."

"யார்ரா அது மெர்சி?"

"மணவாளா, பந்தி எங்கப்பா? சொல்லவே இல்ல."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

 சந்திரகலாவின் மூளை வேகமாக ஓடியது. சோதனைக்குப் போடுகிற பெயர்களுக்கெல்லாம் முன்னால் 'டெஸ்ட்' என்று சேர்த்துப் போடுவது அவள் பழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சொல்லைத் தேடி ஒவ்வொன்றாக அழித்தாள். இந்த ஒன்றில் மட்டும் அந்தச் சொல் இல்லை. தலைவரிடம் காட்டும்போது நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று விட்டிருந்தாள். அனுப்பாமல் காத்திருந்த அது, பச்சைப் பொத்தானை அழுத்தியதும் கூடவே போய்விட்டது. தப்பு தன்னுடையதுதான். சொல்லிவிடலாம். சொன்னால் ஐந்து நிமிடம் திட்டிவிட்டு விடுவார்கள்.

வாயைத் திறக்கும்போது தம்பியைப் பார்த்தாள்.

அவன் சிரித்திருக்க வேண்டும். ஏ அக்கா, யாரக் கேட்டு எனுக்குக் கல்யாணம் பண்ண என்று மைக்கிலேயே கத்தியிருக்க வேண்டும். அவனுக்கு அதுதான் இயல்பு. அவன் மைக்கைத் தரையில் வைத்தான். அது கீச்சென்றது. யாரையும் பார்க்காமல் பக்கவாசல் வழியாக வெளியே போனான்.

"சோதன பண்றப்ப போட்டது பெரியப்பா" என்றாள். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. "அழிக்க மறந்துட்டேன்."

தலைவர் போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மறந்தியோ இல்லியோ. ஊருக்குத் தெரியாம ஒருத்தன் தலைக்கட்டு ஏறிட்டான்னு இப்ப எல்லார் போனும் சொல்லிடுச்சு. நாளைக்குச் சீட்டு. மத்தியானம் திரும்பக் கூடுவோம். தப்பா வந்துச்சு, அப்டி ஒரு கல்யாணமே நடக்கலன்னு இதே பொம்பளக் கொரல்ல ஊருக்குச் சொல்லு. இல்லன்னா மணவாளன் பாடு இந்த வருசம் நிக்கும். நான் சொல்லல, மொற அது."

 இழுத்த வலை லேசாக வந்தால் அதை ஒரு பார்வை பார்ப்பாரே, அப்படி மணவாளன் மகளைப் பார்த்தார்.

தம்பியைத் தேடிப் படகுத்துறைக்குப் போகும் மணலில் நடக்கும்போது, ஆபீசில் அந்தப் பெயரை அடித்த மதியம் அவளுக்கு ஞாபகம் வந்தது. 'மனைவி பெயர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. ஏதாவது ஒரு பெயர் வேண்டும். மெர்சி பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கைக்குக் கிட்டே இருந்த பெயரை அடித்தோம், அவ்வளவுதான் என்று இதுவரை நினைத்திருந்தாள். மெர்சியின் கை உரிப்பதை நிறுத்தியது. பிறகு ஒரு சுளையை அவள் வாயில் திணித்து, "பொருத்தம் நல்லாத்தான்க்கா இருக்குது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கைக்குக் கிட்டே இருந்த பெயர் மட்டும்தானா அது? சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு வண்டி கொண்டுவந்து நிற்கும் தம்பி, நீ சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால், மெர்சி போயாச்சா என்று கேட்பான். ஒரு நாள் இல்லை, பல நாள். அதைக் கேட்டுக்கொண்டுதான் அவள் வண்டியில் ஏறினாள். கேட்டதை எங்கே வைத்தாள்? அவளுக்குள் ஓர் இடம் இருக்கிறது போலிருந்தது. தெரிந்துகொள்ள விரும்பாததையெல்லாம் மடித்து வைக்கிற இடம். அன்றைக்கு விரல் அங்கேயிருந்து எடுத்துப் போட்டுவிட்டதோ என்று தோன்றியபோது நடை நின்றது.

ஆகாஷ் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"எதுக்குடா எந்திரிச்சு வந்த? சிரிச்சிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும்."

"சிரிப்பு வரல." அவன் ஏரியைப் பார்த்தான். "உனுக்கு யார் சொன்னது?"

"எத?"

அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாமல்தான் நடந்திருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் முகம் மாறியதைப் பார்த்து அவளுக்கும் மீதி புரிந்துவிட்டது.  படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்போ?"

"ஆடிக்கு முன்னாடி. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல." நகத்தால் படகின் தாரைச் சுரண்டினான். "ஒரு மாசம் எங்க ரெண்டு பேர் போட்டோவும் அங்க நோட்டீஸ் போர்டுல தொங்குச்சு. ஒருத்தன் திரும்பிப் பாக்கல. உன் போன் ஒரு நொடில ஊருக்கே சொல்லிடுச்சு."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

அவன் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் மறுபடி கேட்டாள்.

"உனுக்கு முடியட்டும்னுதான்க்கா."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். அடி விழுந்த இடம் மரத்துப்போய், அப்புறம்தான் வலிக்க ஆரம்பிக்கும். அப்படி இருந்தது அவளுக்கு. போன வாரம் காட்டுப்பள்ளி வரன் தட்டிப்போனபோது, பொண்ணு ரொம்பப் படிச்சிருக்குது என்று தரகர் சொன்ன சாக்கைக் கேட்டு வீட்டில் சிரித்தவள் அவள்தான். அவன் சிரிக்கவில்லை. எழுந்து போனான். அக்காவுக்காக வருத்தப்படுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். அவள் கல்யாணம் ஒரு கதவு, அதன் பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் தட்டக்கூட இல்லை.

"எடுத்துடுக்கா" என்றான். "நைனா தல நிமிந்து நடக்கணும். நடக்கலன்னு சொல்லிடு. நாங்க எங்க ஓடப் போறோம். அப்பறம் பாத்துக்கலாம்."

"நடந்தத நடக்கலன்னு சொல்லச் சொல்ற."

"ஒரு வருசத்துக்குத்தான."

அவள் கைப்போன் அதிர்ந்தது. மெர்சி. ஆகாஷ் கையை நீட்டினான். சந்திரகலா கொடுக்கவில்லை. எழுந்து தண்ணீர் ஓரமாக நடந்தாள்.

"க்கா, கோயில்ல இருக்கேன். மாதா செலைக்குப் பின்னாடி." மூச்சு வாங்கியது. "என் போனும் பேசிடுச்சு."

செயலியைச் சோதித்தவர்களில் மெர்சியும் ஒருத்தி என்பது அப்போதுதான் சந்திரகலாவுக்கு உறைத்தது.

"பூசையிலயா?"

"சாமியார் பிரசங்கம் முடிச்சு உக்காந்தாரு. எல்லாரும் கண்ண மூடிக்கினு இருந்தாங்க. பையில கெடந்துச்சு. ஜிப்பு வரவே இல்ல. ஆகாஷ், மணவாளன், மெர்சின்னு முழுசா சொல்லி முடிச்சுதான் நின்னுச்சு." சிரிக்கப் பார்த்தாள், அது அழுகையாக வந்தது. "நான்தானக்கா பேசணும்னு கேட்டேன்."

"அப்பா?"

"பூச முடியற வரைக்கும் திரும்பிக்கூடப் பாக்கல. வெளிய வந்து அது நீயான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்."

"ஆமான்னுட்டியா?"

"கோயில் வாசல்ல நின்னுக்கினு இல்லன்னு சொல்ல வாய் வரல. அவ்ளோ பேர் இருந்தாங்க, எல்லார் முன்னாடியும்தான் சொன்னேன். இப்ப அண்ணனுங்களக் கூட்டிக்கினு ஆட்டோ பேசப் போயிருக்காரு. அங்கதான் வராரு." நிறுத்தினாள். "உங்க ஊரு அப்டி ஒண்ணு நடக்கவே இல்லன்னு சொல்லிச்சுன்னா, அப்ப நான் யாருக்கா?"

 சந்திரகலாவுக்கும் கேட்பதற்கு ஒன்று இருந்தது. இந்த நேரத்தில் கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மெர்சி."

"தெனம் சொல்லணும்னுதான் டிபன் பாக்ஸத் தொறப்பேன். உன் மூஞ்சப் பாத்தா முடியாது." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அன்னிக்கு நீ எம் பேர அடிச்ச பாரு, உனுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னுதான் நெனச்சேன். வாயால சொல்லாம இப்டி சம்மதம் சொல்றன்னு நெனச்சுக்கினேன். ஊட்டுக்குப் போய் எவ்ளோ அழுதேன் தெரியுமா, சந்தோசத்துல."

போன் அணைந்த பிறகும் அவள் அதைக் காதிலேயே வைத்திருந்தாள். கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் அது எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அலைந்தது. இரண்டு வருடம் ஒரே டப்பாவில் சோறு பகிர்ந்தவள் மறைத்தாள். தூக்கி வளர்த்த தம்பி மறைத்தான். ஆனால் கோயில் வாசலில், தன்னைச் சுற்றி ஒருவரும் தனக்காக இல்லாதபோது, ஆமாம் என்று சொன்னவள் மெர்சி ஒருத்திதான். இங்கே எல்லோரும் இல்லை என்று சொல்லச் சொல்கிறார்கள். அந்த இல்லை தன் விரலில் இருக்கிறது.

கூடத்துப் படியில் மணவாளன் தனியாக உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை என்பது வெள்ளைச் சட்டையிலேயே தெரிந்தது. வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"மிஷினு தப்பு பண்ணுச்சா, நீ பண்ணியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"நைனா..."

"எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன். உம் மேல எனுக்கு சந்தேகம் இல்ல. ஊர் முன்னாடி கேக்கறப்ப ஒரே பேச்சா இரு. அது போதும்."

இந்த நிமிடமே சொல்லிவிடலாம். உங்கள் மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது நைனா என்று. ஆனால் அவர் கண்ணில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. நம்புகிறவர்களிடம் உண்மையைச் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. தன்னிடம் சொல்லாத இரண்டு பேரையும் ஒரு கணம் அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. அந்தப் புரிதல் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானக் கூட்டத்துக்குக் காலையைவிடக் கூட்டம். ஏரிக்குப் போனவர்கள்கூடத் திரும்பியிருந்தார்கள். ஆகாஷ் பின்னால் தூணோரம் நின்றான்.

"எடும்மா" என்றார் தலைவர். "எல்லாரும் பாக்கற மாதிரி எடு. அப்பறம் அந்தக் கொரல்ல சொல்லச் சொல்லு."

சந்திரகலா போனைத் திறந்தாள். தம்பியின் பெயர். அப்பாவின் பெயர். மெர்சியின் பெயர். கீழே நீக்கு என்ற சிவப்புப் பொத்தான். மெர்சி இதற்கும் ஒரு படம் வரைந்திருந்தாள், கரையை விட்டுப் போகிற ஒரு படகு. விரல் அதன் மேல் நின்றது.

"இன்னா யோசன?"

"இத எடுக்க முடியாது பெரியப்பா."

"கெட்டுப் போச்சா?"

"கெடல. நல்லாத்தான் இருக்குது." நிமிர்ந்தாள். முதலில் அப்பாவைத்தான் பார்த்தாள். "அது தப்பா வந்தது இல்ல. காலையில நான் பொய் சொன்னேன். என் தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. நான்தான் போட்டேன்."

தூணோரத்திலிருந்து "அக்கா" என்று ஒரு சத்தம் வந்து பாதியில் நின்றது. கூடம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. ஆகாஷ் மறுக்கவில்லை. மறுக்காததே போதுமானதாக இருந்தது.

மணவாளன் அசையவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. ஒரே பேச்சாக இரு என்று அவர் கேட்ட பேச்சு இது இல்லை.

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். கேலிப் பேச்செல்லாம் அவர் குரலிலிருந்து போய்விட்டிருந்தது. "நீ போட்டா ஆயிடுமா? எந்த ஊர்ப் பொண்ணு, எந்த சாமி கும்புட்ற பொண்ணு, அத அப்பறம் பேசுவோம். ஊர் சாட்சி இல்லாம இந்தக் குப்பத்துல தலைக்கட்டு கெடையாது. உங்கப்பன் பாத்தானா? நான் பாத்தேனா? இந்த ஊர்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்தக் கல்யாணத்த கண்ணால பாத்தேன்னு எந்திரிச்சு சொல்லட்டும். அதுக்கு மேல நான் பேசல."

யாரும் எழவில்லை. ஆகாஷ் தலை குனிந்திருந்தான்.  சந்திரகலாவே பார்க்கவில்லையே. அவளுக்கே மூன்று மணி நேரத்துக்கு முன்னால்தான் தெரியும்.

"நான் பாத்தேன்."

குரல் ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது. ஊர்க் கூட்டம் நடக்கும்போது அந்தக் கம்பிகள் வழியாகப் பெண்குரல் எதுவும் உள்ளே வந்ததில்லை. எல்லோரும் திரும்பினார்கள். மற்ற பெண்கள் விலகி நின்றதில் செங்கம்மாள் தனியாகத் தெரிந்தாள். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருக்க வேண்டும். முழங்கை வரை மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"பாத்தது மட்டும் இல்ல" என்றாள். "சாட்சிக் கையெழுத்தும் நான்தான் போட்டேன். கவரப்பேட்ட பாக்கியநாதன் பொண்ணு அது. நான் மீன் விக்கப் போற ஊட்டுப் பொண்ணு. எனுக்குத் தெரியும்."



சந்திரகலா அம்மாவைப் பார்த்தாள். தினமும் பக்கத்தில் படுத்து எழுந்தவள். போன வாரம் தரகர் போன பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டவள். அந்தக் கையில் இது இருந்ததா? அம்மாவுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும். யார் பாடு எப்போது என்று ஊருக்கே சொல்லக் கருவி செய்தவளுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதிர்ச்சி என்பது ஒரு தடவை வந்து போய்விடும் என்று நினைத்திருந்தாள். அது படிப்படியாக இறங்கிக்கொண்டே போனது. இன்னும் எத்தனை படி இருக்கிறது என்று தெரியவில்லை.

மணவாளன் எழுந்தார். யாரும் தடுக்கவில்லை. வாசல் வழியாக வெளியே போய், ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மனைவியின் எதிரில் நின்றார். அவர் ஏதோ கேட்டது உள்ளே கேட்கவில்லை. அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. செங்கம்மாள் சொன்ன பதில் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"சொல்லியிருந்தா நீ உடனே ஊருக்குச் சொல்லியிருப்ப. உனுக்கு ஊடு அப்பறம்தான."

 அவர் திரும்பி உள்ளே வந்தார். தலைவரைத் தாண்டி, மகனைப் பார்க்காமல், சந்திரகலாவின் முன்னால் வந்து நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"தம்பி பேர எடுக்காத" என்றார். "நடந்தது நடந்ததுதான். அது அங்கயே இருக்கட்டும்."

அவளுக்குக் கண் கலங்கியது. "நைனா..."

"அதுல செயலாளர்னு எம் பேர் இருக்குதில்ல. அத எடுத்துடு."

"ஏன் நைனா?"

"தப்பு வந்தா நான் பொறுப்புன்னு இவங்க முன்னாடி சொன்னேன். எம் ஊட்ல இன்னா நடக்குதுன்னே தெரியாதவன் ஊர் கணக்கு எப்டிமா பாக்கறது?"

கூட்டத்தில் யாரோ "மணவாளா, உக்காருப்பா" என்றார்கள். அவர் உட்காரவில்லை. மகள் விரல் அசைவதற்காக, பொறுமையாக, காத்துக்கொண்டு நின்றார். சந்திரகலா அவர் பெயரைத் தொட்டாள். செயலி கேட்டது, உறுதியா என்று. அது வாய்விட்டே கேட்டது, அந்தப் பெண்குரலில், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

அவள் விரல் இன்னும் இறங்கவில்லை. குப்பத்து முனையில் கவரைப்பேட்டை ஆட்டோ ஒன்று வந்து நின்றது.